கழுநீர் என்று நினைத்தீர்கள்

மருமகள் இன்று காலை மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் பிழிந்தாள். பிழிந்த தண்ணீரை ஒரு பேசினில் ஊற்றி, அடுப்படித் தரையில் திறந்தபடியே வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். பால் போல வெள்ளையாக, ஓரத்தில் லேசாக நுரை கட்டிக்கொண்டு அது கிடந்தது. ஒரு தட்டை எடுத்து மூடி, தட்டின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். அவள் திரும்பி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இது நல்ல கிழங்கு அத்தை. கசப்புக் கிழங்கு இல்ல. வீட்டுல நாயும் இல்ல, பூனையும் இல்ல. யாரு வந்து குடிக்கப் போறா?"

யார் குடிக்கப் போகிறார்கள் என்று என்னிடம் கேட்கிறாள். குடிக்கக் கொடுக்கும் ஆள் இந்த வீட்டுக்குள்ளேயே இருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் இங்கே வாழ வருவதற்கு முன்பே அவள் மாமனார் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அதனால் அவள் மேல் வந்திருக்க வேண்டிய கோபமும் சேர்ந்து உங்கள் மேல்தான் வந்தது. இத்தனை வருஷம் ஆகியும் தீராத கோபம். எழுதியாவது தீர்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மலாக்காவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். தெங்கேராவில் நீங்கள் ரப்பர் ஷீட்டு நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்த கடை மூடிக் கிடந்தது. பெட்டியில் இருந்த நல்ல கால்சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, புக்கிட் ரம்பாய்ப் பக்கம் யாரோ அரிசி மாற்றித் தருகிறார் என்று காலையில் நடந்து போனீர்கள். மத்தியானம் திரும்பி வந்தபோது ஒரு தோளில் மரவள்ளிக் குச்சிக் கட்டு, இன்னொரு கையில் ஒரு நாய்க்குட்டி.

"அரிசி எங்க?" என்றேன்.

"அரிசி இல்லன்னுட்டான். பாவம்னு இது ரெண்டயும் கொடுத்தான்."

"யாரு பாவம்? அவனா, நீங்களா?"

"இதுதான்" என்று குட்டியைத் தூக்கிக் காட்டினீர்கள்.

கூப்பன் அரிசியை நான் பால் டின்னால் அளந்து, அளந்ததில் ஒரு கை திருப்பிப் போட்டு, மிச்சத்தைக் கஞ்சியாக்கிக்கொண்டிருந்த நாள்கள் அவை. யாருக்கு எத்தனை கரண்டி என்பதில் எனக்குக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்குக்குள் ஒரு நாயைக் கொண்டு வந்து நிறுத்தினீர்கள். கேட்டால் உங்களிடம் ஒரே பதில்தான்: "வயிறுன்னு ஒண்ணு இருந்தா, அதுக்கு ஒரு வாய் கொடுத்துத்தான் ஆகணும்." கொடுத்தீர்கள், உங்கள் தட்டிலிருந்து. பிறகு பசியோடு எழுந்து போய்க் கிணற்றடியில் தண்ணீர் குடிப்பீர்கள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

பெயர் வைத்தீர்களே, அதையும் சொல்ல வேண்டும். துவான். தெருவில் சிப்பாயைக் கண்டால் இடுப்பு ஒடியக் குனிந்து 'துவான்', அதாவது எஜமான், என்று சொல்லாவிட்டால் கன்னம் பழுத்துவிடும். நீங்கள் வாசலில் நின்றுகொண்டு, "துவான், அங்க என்னடா மோந்து பாக்குற, வாடா இங்க" என்று சத்தமாகக் கூப்பிடுவீர்கள். சிப்பாய் யாராவது வருகிறானா என்று நான் தெருவை எட்டிப் பார்ப்பேன். நான் அதை வைரவன் என்று கூப்பிட்டேன். வைரவர் வாகனம் என்பதால்தான் வீட்டைச் சுற்றி வர விட்டேன். ஆனால் ஒருநாளும் தொட்டதில்லை. குளித்து விளக்கேற்றி நிற்கிறவள் நாயைத் தொட்டுவிட்டு எப்படிச் சாமி மேடைக்குப் போவது? அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு என் புடவை ஓரம் வரை வரும். "தள்ளி நில்லு" என்பேன். தள்ளி நிற்கும். உங்களைவிடச் சொல் பேச்சுக் கேட்கும் பிராணி.

நீங்கள் கொண்டுவந்த குச்சிகளும் லேசுப்பட்டவை அல்ல. கசப்புச் சாதி. கிழங்கு தொடை மொத்தம் விளைந்தது. ஆனால் தோலுரித்து, துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, ஊற வைத்து, மறுபடி பிழிந்து, வெயிலில் காய வைத்த பிறகுதான் வாயில் வைக்கலாம். பிழிந்த தண்ணீர் விஷம். அதை உடனே கொட்டிவிடவும் முடியாது. பேசினில் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளை மாவு படியும். அந்த மாவுதான் நமக்குப் பலகாரம், கஞ்சி, பசை எல்லாம். ஆகவே தினமும் அந்த நீல ஓரம் போட்ட எனாமல் பேசின் கிணற்றடி நிழலில் இருக்கும். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் அதே பேசினில்தான் பால்காரர் மாட்டுக்குக் கழுநீர் சேர்த்து வைப்பேன். அரிசி கழுவிய தண்ணீரும் வெள்ளைதான், இதுவும் வெள்ளைதான்.

அன்று வெள்ளிக்கிழமை. நான் தலை குளித்து, வாசலில் பூப் பறித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுச் செட்டி அம்மாள் வேலிப் பக்கம் நின்றிருந்தார். கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய். அவர் திடீரென்று "ஆடேக், அஞ்சிங் கீலா, அஞ்சிங் கீலா" என்று கத்தினார். தங்கச்சி, பைத்திய நாய் என்கிறார். திரும்பிப் பார்த்தேன். துவான் குடித்தவன் போலக் கால்கள் பின்னப் பின்ன வந்தது. வாயெல்லாம் நுரை. வாழை மரத்தடியில் மோதி, விழுந்து, கால்களை உதைத்துக்கொண்டது. இன்னும் ஒரு வயது முடியாத பிராணி அது. காலையில்தான் என் பூக்கூடையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

நீங்கள் ஓடி வந்து அதன் பக்கத்தில் மண்டியிட்டீர்கள். பேயறைந்த முகம். எனக்கு ஏனோ முதலில் அந்தப் பேசின் நினைவுதான் வந்தது.

"பேசின்ல இருந்த தண்ணி எங்க?"

"எந்தத் தண்ணி?"

"வெள்ளத் தண்ணி."

"கழுநீரா? இவனுக்கு ஊத்துனேன். நீ சும்மாதானே வச்சிருந்த."

"கழுநீரா? இந்த வாரம் இந்த வீட்டுல அரிசியக் கண்ணால பாத்தமா?"

யோசித்தீர்கள். நிஜமாகவே யோசித்தீர்கள். நாய் உதைத்துக்கொண்டிருக்க, எப்போது அரிசி பார்த்தோம் என்று யோசித்தீர்கள்.

"அதத் தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லயா?"

"மாவத் தொடாதீங்கன்னுதானே சொன்ன? நான் மாவத் தொடவே இல்லயே. மேல நின்ன தண்ணிய மட்டும் பதமாச் சாச்சேன். வேணும்னா போய்ப் பாரு, அடியில மாவு அப்படியே இருக்கு."

போய்ப் பார்த்தேன். ஒரு விரல் தடம் கூட இல்லாமல் மாவு அப்படியே இருந்தது. நம் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரு வேலையை நீங்கள் அவ்வளவு ஒழுங்காகச் செய்தது அன்று ஒருநாள்தான்.

செட்டி அம்மாள் போட்ட கூச்சலில் தெருக் காவல் தலைவர் சுப்பையா வந்துவிட்டார். முன்பு பண்டார் ஹிலிரில் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளை. இப்போது கையில் ஜப்பான்காரன் கட்டிவிட்ட துணிப்பட்டை, தோளில் தடி. பைத்தியம் பிடித்த நாய் எங்காவது தென்பட்டால் உடனே அடித்துவிட வேண்டும் என்று அவருக்கு உத்தரவு.

"அண்ணே, தள்ளுங்க. கஷ்டப்படாம போயிரும்."

"பைத்தியம் இல்ல தம்பி. வயித்து வலி."

"அதுவாச் சொல்லுச்சு?"

"கிழங்குத் தண்ணி குடிச்சிருச்சு. நான்தான் ஊத்துனேன்."

சுப்பையா என்னைப் பார்த்தார். இந்த மனிதரோடு எப்படி அண்ணி குடித்தனம் நடத்துகிறீர்கள் என்று கேட்பது போல இருந்தது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இது போய் ஒரு சிப்பாயக் கடிச்சு வச்சா, அவன் உங்களக் கேக்க மாட்டான் அண்ணே. இந்தத் தெருவுக்குக் காவல் யாருன்னுதான் கேப்பான். எனக்கும் வீட்டுல பிள்ளைங்க இருக்கு. பைத்தியம் இல்லன்னா தண்ணி குடிக்கும்ல? குடிக்கச் சொல்லுங்க."

"மயங்கிக் கெடக்குறது எப்படிங்க குடிக்கும்?" என்று நான் கேட்டேன். எனக்கே ஆச்சரியம். அந்த நாய்க்காக அதுவரை நான் வாயைத் திறந்ததில்லை.

"சரி அண்ணி. வெயில் தாழ வர்றேன். குடிச்சுக் காட்டுனா உங்க நாயி. இல்லாட்டி யாரும் குறுக்க வரக் கூடாது."

அவர் போனதும் நம் சண்டை ஆரம்பமானது. புளியைக் கரைத்து ஊற்று என்றீர்கள். வாந்தி வரும்தான். ஆனால் நான் பிறந்த தோட்டத்தில் பிள்ளைகள் பச்சைக் கிழங்கைத் தின்று சுருண்டு விழுந்தால் இனிப்புத் தண்ணீர்தான் புகட்டுவார்கள் என்று எனக்கு ஞாபகம். இனிப்புக்கு எங்கே போவது? உங்கள் கண் மெல்லச் சாமி மேடைப் பக்கம் போனது. அங்கே விளக்குக்குப் பின்னால், ஓலையில் சுற்றிய ஒரு மலாக்கா வெல்லக் கட்டி இருந்தது. என் நல்ல புடவை ஒன்றைக் கொடுத்து மாற்றி, தைப்பொங்கலுக்கென்று பத்திரப்படுத்தியது. வேறு எது இல்லாவிட்டாலும் சாமிக்குப் பொங்கல் இனிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

"அதப் பாக்காதீங்க" என்றேன்.

"பாக்கல" என்றீர்கள், பார்த்துக்கொண்டே.

நாய் முனகியது. சின்னக் குழந்தை தூக்கத்தில் முனகுவது போல ஒரு சத்தம். நான் மேடைக்கு முன்னால் போய் நின்றேன். என்ன வேண்டுதல் செய்கிறோம் என்றே யோசிக்காமல், இது பிழைத்தால் இனிக் காப்பியில் சர்க்கரை போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சொன்னேன். பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது: "எந்தச் சர்க்கர? எந்தக் காப்பி?" சோளத்தைக் கருக்கிப் பொடித்த தண்ணீரைத்தான் அப்போது காப்பி என்று குடித்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்திலும் உங்களுக்கு அது தோன்றியதே.

கட்டியை எடுத்தேன். "உன் வாகனம். உன் கணக்கிலேயே எழுதிக்கொள்" என்று வைரவரிடம் சொல்லிவிட்டு அம்மியில் வைத்துத் தட்டினேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் தெரியுமா? "கொஞ்சம் சாமிக்கு மிச்சம் வையி." அத்தனை நேரம் அதன் மேல் வைத்த கண் வாங்காதவருக்கு, நான் உடைத்த பிறகு பக்தி வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டி முழுவதையும் தட்டிக் கரைத்துவிட்டேன்.

நீங்கள் அதன் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் திறந்தீர்கள். நான் எட்ட நின்று, மேலே படாமல், கொட்டாங்கச்சி அகப்பையால் ஊற்றினேன். பாதி வெளியே வழிந்தது. வாந்தி எடுத்தது. மறுபடி ஊற்றினேன். அது திமிறியது. நீங்கள் அழுத்திப் பிடித்தீர்கள். உங்கள் கண்ணில் தண்ணீர் வழிந்து அதன் நெற்றியில் விழுந்தது. திட்ட நினைத்ததையெல்லாம் விட்டுவிட்டு அடுத்த அகப்பையை ஊற்றினேன். அதுவும் எனக்கு எரிச்சல்தான். ஒரு மனிதரை நிம்மதியாகத் திட்டவும் விடுவதில்லை நீங்கள்.

வெல்லம் கேட்டதா, வாந்தி கேட்டதா, வைரவர்தான் இறங்கி வந்தாரா தெரியாது. வெயில் சாயும்போது உதறல் நின்றது. தலையைத் தூக்கியது. பிறகு முன்னங்கால்களை ஊன்றி உட்கார்ந்தது. நீங்கள் சின்னப் பிள்ளை மாதிரி ஓடிப்போய் பேசினைத் தேய்த்துக் கழுவி, நல்ல கிணற்றுத் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தீர்கள். அது பேசினைப் பார்த்தது. உடம்பெல்லாம் நடுங்க, பின்பக்கமாகவே ஊர்ந்து வாழை மரத்தோடு ஒட்டிக்கொண்டது.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் சுப்பையா வந்தார். கூட இரண்டு ஆள், ஒரு சாக்கு.

"பாத்தீங்களா அண்ணே. தண்ணியக் கண்டு நடுங்குது. பைத்தியம்தான்."

"தண்ணியக் கண்டு இல்ல தம்பி. பேசினக் கண்டு."

"நாயிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா?"

"உங்க அண்ணனுக்குத்தான் தெரியாது. அதுக்குத் தெரியும்" என்றேன்.

கூட வந்த ஆள்களில் ஒருவர் சிரித்தார். சுப்பையா சிரிக்கவில்லை. தடியைத் தோளிலிருந்து இறக்கினார். நீங்கள் அவசரமாகப் பேசினில் கையை விட்டு ஒரு கை தண்ணீர் அள்ளிக்கொண்டு போனீர்கள். "குடிடா கண்ணு. குடிச்சிரு." அது உங்கள் கையை முகர்ந்தது. மாதக் கணக்கில் அந்தக் கையிலிருந்துதான் தின்றிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. நீங்கள் இன்னும் நெருங்கினீர்கள். பல்லைக் காட்டி உறுமியது. விஷத்தை வைத்ததும் அந்தக் கை, தாடையை நெரித்ததும் அந்தக் கை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உங்கள் விரல் இடுக்கு வழியே தண்ணீர் எல்லாம் ஒழுகித் தீரும் வரை அப்படியே குந்தியிருந்தீர்கள். உறுமலைக் கேட்ட சுப்பையா, "போதும் அண்ணே, எந்திரிங்க" என்றார்.

நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். தலை குளித்த வெள்ளிக்கிழமை, விளக்கு இன்னும் ஏற்றவில்லை. கிணற்று வாளியிலிருந்து இரண்டு கையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய் அதன் முன்னால் உட்கார்ந்தேன். "வைரவா" என்றேன். அது என் கையைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது. தள்ளி நில்லு என்பவள் ஏன் கிட்டே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அதற்குப் புரியவில்லை போலிருக்கிறது. பிறகு ஒருமுறை நக்கியது. மறுபடி நக்கியது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, என் உள்ளங்கை ரேகையெல்லாம் சொரசொரவென்று வழித்தது. வெல்லம் ஊற்றிய வாசனை கையில் மிச்சம் இருந்திருக்கும். வேறு காரணம் ஒன்றும் இருக்காது.

சுப்பையா தடியை மறுபடி தோளில் வைத்தார். ஆள்களைச் சாக்கோடு முன்னால் அனுப்பிவிட்டு, உங்கள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "நாயி பொழச்சிருச்சு அண்ணே. அதுக்கு வச்சிருக்கீங்களே ஒரு பேரு, அதுல நம்ம தெருவே செத்துரும். மாத்துங்க."

தெருவுக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மறுபடியும் குளித்தேன். சோப்பு இல்லாத காலத்தில் சாம்பலைத் தேய்த்துக் குளித்து, விளக்கேற்றி, உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டால் ஆளைக் காணவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து உங்கள் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "நாளைக்குச் சரியாயிடும், அது நாயிதானே" என்றேன்.

சரியாகவில்லை. அடுத்த நாளும் உங்கள் கையிலிருந்து தின்ன மறுத்தது. என் கையால் வைத்தால் தின்றது. எனக்கு ஏற்கெனவே இருக்கிற வேலை போதாதென்று இது வேறு. ஒருநாள் நீங்கள் அவித்த கிழங்கில் ஒரு துண்டை அதன் கண் முன்னாலேயே உங்கள் வாயில் போட்டு மென்று விழுங்கிக் காட்டிவிட்டு, அடுத்த துண்டை நீட்டினீர்கள். வெகு நேரம் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வாங்கிக்கொண்டது. அன்று முதல் அதுதான் வழக்கம். நீங்கள் ஒரு வாய், பிறகு அது ஒரு வாய். கிழடாகி, கண் தெரியாமல் போய், வாழை மரத்தடியிலேயே அது செத்துப்போகும் வரை.

நாயோடு அது நின்றிருந்தால் நான் எதற்கு எழுதப் போகிறேன்? அரிசி வந்தது, வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், போனான், உங்கள் வழக்கம் மட்டும் போகவில்லை. பிள்ளைகளுக்குப் பால் ஆற்றினால் முதலில் நீங்கள் ஒரு மிடறு. எனக்குக் காய்ச்சல் என்று கஷாயம் வைத்தால் பாதி உங்கள் வயிற்றில். ஒரு பொங்கலுக்குச் சாமிக்கு வைத்திருந்த பானைக்குள்ளேயே கரண்டியை விட்டுவிட்டீர்கள். நைவேத்தியத்தை எச்சில் பண்ணலாமா என்று நான் அழுதேன். "சாமிக்கு ஒண்ணு ஆயிட்டா?" என்று கேட்டீர்கள். கேலியா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் உங்களோடு பேசாமல் இருந்தேன். மூன்று நாளும் எனக்குப் போட்டு வைத்த சோற்றில் ஓரத்தில் ஒரு வாய் குறைந்தே இருந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் கண் திறந்திருந்த அந்த மத்தியானம், நான் கஞ்சிக் கரண்டியை வாய் அருகே கொண்டுவந்தேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டீர்கள். நர்ஸ் அம்மா சொல்லிப் பார்த்தார், மகன் சொல்லிப் பார்த்தான். தலையை மட்டும் திருப்பிக்கொண்டீர்கள். எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. கரண்டியை என் வாயில் வைத்து, நீங்கள் பார்க்கும்படி விழுங்கிக் காட்டினேன். பிறகு நீட்டினேன். திறந்தீர்கள்.

நாளை உங்கள் திதி. படையலுக்குச் சமைப்பதை ருசி பார்க்கக் கூடாது. உப்புக்கூடக் கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும். இந்தத் தெருவில் அதையெல்லாம் எல்லோருக்கும் எடுத்துச் சொல்கிறவளே நான்தான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் இலையில் பரிமாறியதும் மருமகளைச் சாம்பிராணி எடுத்துவர அனுப்பிவிடுகிறேன். அவள் வருவதற்குள் எல்லாவற்றிலும் ஒரு விள்ளல் கிள்ளி என் வாயில் போட்டுக்கொள்கிறேன். சாமி அதை எந்தக் கணக்கில் எழுதுகிறதோ, எழுதட்டும். உங்கள் படத்தைப் பார்த்து மென்று, நன்றாகத் தெரியும்படி விழுங்கி, இலையை உங்கள் பக்கம் தள்ளி வைக்கிறேன்.

நாளைக்கும் அப்படித்தான். சாப்பிடுங்கள்.